பட்டாணிக்கு வந்த மிஷின்

வறுத்த பட்டாணி ஒன்றைக் கடித்தே, பத்து டன் எடையுள்ள நெல் அறுப்பு மிஷினைத் தன் வீட்டு வாசலுக்கு வரவழைத்த மனிதன் ஈரேழு பதினாலு லோகத்திலும் தான் ஒருவன்தான் என்றார் தனிஸ்லாஸ்.

"எத்தினி டன்னு?" என்று கேட்டாள் ஜெனிபர், கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"பத்து."

"அப்ப ஒண்ணு."

மாமா சொல்லும் எந்தக் கணக்கையும் பத்தால் வகுத்துக்கொள்வது ஆரோக்கிய ஜெனிபரின் பழக்கம். மீட்டர் பெட்டிக்குள்ளிருந்து இருபதடி நல்ல பாம்பை வெறுங்கையால் உருவி எடுத்த கதையைக் கேட்டு வளர்ந்த தங்கை மகள் அவள். வகுத்தால் இரண்டடி வந்தது. அத்தையிடம் விசாரித்தால் அது பாம்பே இல்லை, ஒயர்.

தனிஸ்லாஸ் கரண்டு ஆபீசில் முப்பத்தொரு வருஷம் மீட்டர் கணக்கு எடுத்து ஓய்வு பெற்றவர். பாகூர் முதல் மடுகரை வரை அவரைப் பார்த்துக் குரைக்காத நாயும் கிடையாது, குரைத்துவிட்டு வாலாட்டாத நாயும் கிடையாது. எந்த வாசலில் நின்று "ரீடிங்கு!" என்று குரல் கொடுத்தாலும் கதவு திறக்கும். அந்த ஒரு தகுதிக்காகத்தான் ஜெனிபர் அவரைத் தன் ஆபீசில் சேர்த்திருந்தாள். ஆபீஸ் என்றால் வில்லியனூர் கடைத்தெருவில் இனிப்புக் கடைக்கு மேலே ஒரே அறை. மூன்று கம்ப்யூட்டர், ஒரு மின்விசிறி, நாள் முழுக்கக் கீழேயிருந்து ஏறி வரும் நெய் வாசனை.

அங்கே 'கருக்கு' என்று ஒரு செயலி செய்திருந்தார்கள். விவசாயி செல்போனில் ஏழு இடத்தைத் தொட்டால் அறுப்பு மிஷின் வயலுக்கு வந்து நிற்கும். எதைத் தொட்டால் எது வரவேண்டும், எந்த எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும் என்று பார்த்துப் பார்த்து வடிவமைத்தவள் ஜெனிபர். பாகூர்ப் பக்கம் சிலர் இறக்கிக்கொண்டார்கள். மடுகரையில் ஈ காக்கைகூடத் தொடவில்லை.

அப்படியென்றால் அவர்கள் வேறு எதைப் பயன்படுத்துகிறார்கள்? அதைத் தெரிந்துகொள்ளாமல் நம்முடையதைத் திருத்த முடியாது என்பது ஜெனிபரின் கட்சி. சந்தையில் இருந்த மூன்று போட்டிச் செயலிகளையும் அவளே பிரித்து மேய்ந்து அட்டவணை போட்டிருந்தாள். மிஷின் கேட்க எத்தனை முறை தொட வேண்டியிருக்கிறது, எந்த இடத்தில் விரல் தயங்குகிறது, எந்த இடத்தில் ஆள் கெட்ட வார்த்தை சொல்கிறான், எல்லாம் அதில் இருந்தது. ஆனால் மடுகரையில் அந்த மூன்றும்கூட இல்லை. நாலாவதாக ஏதோ ஒன்று இருந்தது. அதற்குப் பெயர்கூட இல்லை.

அதைக் கண்டுபிடிக்கத்தான் மாமாவை அனுப்பினாள். "பிடிச்சிருக்கான்னு மட்டும் கேக்காத மாமா. யாரக் கேட்டாலும் பிடிச்சிருக்குன்னுதான் சொல்வாங்க. கை இன்னா பண்ணுதுன்னு பாரு. பாத்தத அப்படியே எழுது. சேத்து எழுதாத."

"சி.ஐ.டி. வேலைன்னு சொல்லு," என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு கிளம்பினார் தனிஸ்லாஸ்.

அது திங்கட்கிழமை. மடுகரையில் தனக்கொடி வீட்டுக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். தனக்கொடி புருஷனை இழந்தவள். இரண்டு காணி நெல். வருஷம் முழுக்க அவளுக்கு அதுதான். வீட்டுக்குப் பின்னால் இரண்டு வரப்பு தாண்டினால் அவள் வயல். கதிர் முற்றித் தலை சாய்ந்து நின்றது.

"மிஷினுக்குச் சொல்லணும் மீட்டர்காரரே. செத்த இருங்க," என்று வரப்பில் இறங்கினாள். சி.ஐ.டி. பின்னாலேயே போனார்.

அவள் இடுப்பிலிருந்து ஒரு பட்டன் போனை எடுத்தாள். கதிரிலிருந்து ஒரு நெல்லை உருவி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். எண்ணைப் போட்டாள். மணி இரண்டு முறை அடித்தது. எடுத்தார்கள். அந்தப் பக்கம் பேச்சில்லை, இவளும் பேசவில்லை. தனிஸ்லாஸ் காதை அருகில் கொண்டுபோனார். விளைந்த வயலில் காற்று போகிற சத்தம் போனுக்குள் கேட்டது. அவர் நிற்கிற வயலில் அப்போது ஒரு நெல்தாள்கூட அசையவில்லை.

தனக்கொடி நெல்லை முன்பல்லில் வைத்து, போனை வாயருகே பிடித்துக் கடித்தாள்.

நறுக்.

காத்திருந்தாள். தென்னையில் இருந்த காக்கைகூட வாயை மூடிக்கொண்டது போலிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, போனுக்குள்ளிருந்து, காதுக்கு ஒரு விரற்கடை தூரத்தில், யாரோ நெல் கடித்தார்கள்.

நறுக்.

"ஒரு கடின்னா ஆச்சு. ரெண்டு கடின்னா பொறுத்துக்கன்னு அர்த்தம்," என்று போனை இடுப்பில் செருகினாள் தனக்கொடி. "புதன்கிழமை வந்துரும்."

"யாரும்மா அது?"

"நாகராஜன் அண்ணன்."

"மிஷின் புரோக்கரு நாகராஜனா? அவரு செத்து ரெண்டு வருஷம் ஆச்சேம்மா! நான் மாலை எடுத்துக்கினு வந்தனே!"

"நானுந்தான் வந்து அழுதன்," என்றாள் அவள். "அதுக்கு?"

தனிஸ்லாஸ் அவசரமாக ஒரு சிலுவை போட்டுக்கொண்டார்.

தனக்கொடிதான் விளக்கினாள். நாகராஜன் உயிரோடிருந்தபோதே வாய்ப்பேச்சை நம்பமாட்டார். விளைஞ்சிடுச்சின்னு எல்லாரும்தான் சொல்வான், நெல்லக் கடி, நான் கேக்கறன் என்பார். காய்ந்த நெல்லுக்கு ஒரு சத்தம், காயாததற்கு ஒரு சத்தம். அதைக் கேட்டே யாருக்கு முதலில், யாருக்குப் பிறகு என்று முறை வைப்பார். மடுகரையில் உள்வயல்களுக்கு வழி கிடையாது. முன்வயலை அறுத்தால்தான் அதன்மேல் ஓடி மிஷின் உள்ளே போகமுடியும். எந்த வயலுக்கு எந்த வயல் முன்னால் என்று ஊர் வரப்பு மொத்தமும் அவர் மண்டையில் இருந்தது. சிவப்புத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, டி.வி.எஸ். வண்டியில் மிஷினுக்கு முன்னால் போய் வழி காட்டுவார். செத்த பிறகு வந்த முதல் அறுப்பில், யாரோ பழக்க தோஷத்தில் அந்த எண்ணுக்கு அடித்துவிட்டார்கள். எடுத்தார்கள். அன்றிலிருந்து அப்படியேதான் நடக்கிறது.

"இப்ப யாரு வழி காட்றது?"

"அது டிரைவருங்களுக்குத்தான் தெரியும். எல்லாம் ஆத்தூர்ப் பக்கத்துப் பசங்க, அண்ணன் செத்தது அவங்களுக்குத் தெரியாது. மிஷின் வர்றப்ப நாங்க அந்தாண்ட திரும்பிக்குவோம்," என்று முகத்தைக் கழுவுகிற மாதிரி கையால் துடைத்துக்கொண்டாள் தனக்கொடி.

இதோடு அவர் வந்திருக்கலாம். ஆனால் செவ்வாய்க்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, வில்லியனூர் வீட்டில் வறுத்த பட்டாணியை மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தபோது அவருக்குள் இருந்த சி.ஐ.டி. விழித்துக்கொண்டான். வாடிக்கையாளன் மாதிரியே பயன்படுத்திப் பார்த்தால்தானே ஆய்வு? சொந்தமாக ஒரு பூந்தொட்டிகூட இல்லாத தனிஸ்லாஸ், தனக்கொடி போட்டபோது பார்த்துவைத்த அந்த எண்ணைப் போட்டார். எடுத்தார்கள். அதே காற்று. ஒரு பட்டாணியைக் கடைவாயில் போட்டு ஓங்கிக் கடித்தார்.

டொக்!

அவ்வளவு காய்ந்த நெல் ஆதாம் ஏவாள் காலத்திலிருந்தே விளைந்திருக்காது. அந்தப் பக்கம் வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு 'நறுக்' என்றது. அதோடு நிற்கவில்லை. பழக்கமில்லாத ஏதோ ஒன்றை நாக்கில் புரட்டிப் பார்ப்பது போல, ஈரமாக, மெதுவாக ஒரு சத்தம். தனிஸ்லாஸ் போனை அணைத்துத் தலையணைக்கடியில் வைத்தார்.

புதன்கிழமை பன்னிரண்டு மணிக்குத் தெருவே அதிர்ந்தது. செயின் சக்கர அறுப்பு மிஷினை லாரியிலிருந்து இறக்கி, அவர் வாசலில் நிறுத்தி, ஆத்தூர் டிரைவர் மேலேயிருந்து கேட்டான். "வயலு எந்தப் பக்கமுங்க?"

"வயலா? யாருப்பா உன்ன இங்க அனுப்புனது?"

"சிவப்புத் துண்டு கட்டுன அண்ணன்தானுங்க. மடுகரைக்குத்தான் போயிட்டிருந்தோம். குறுக்க வந்து மறிச்சு, இங்க முதல்லன்னு கையக் காட்டுனாரு. வாசல் வரைக்கும் டி.வி.எஸ்.ல முன்னாடியே வந்தாருங்க. அந்தச் சந்துக்குள்ளதான் போனாரு."

அது முட்டுச் சந்து. தனிஸ்லாஸ் போய்ப் பார்த்தார். மூன்று பக்கமும் சுவர். நடுவில் ஒரு பசுமாடு சுவரையே பார்த்துக்கொண்டு நின்றது. டிரைவர் அரை மணி நேரம் திட்டிவிட்டு மிஷினை லாரியில் ஏற்றிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டான்.

இதைத்தான் அன்று சாயங்காலம் ஆபீசில் வந்து பெருமையாகக் கொட்டினார். ஜெனிபர் அட்டவணையில் நாலாவது கட்டத்தைத் திறந்து, 'தொடும் இடங்கள்: ஒரு கடி' என்று மட்டும் எழுதினாள்.

"நம்பர வேற யாருக்காவது குடுத்திருப்பாங்க மாமா. எவனோ புத்திசாலி உக்காந்து அந்தப் பேர வச்சித் தொழில் பண்றான். ஆனா டிசைன் பாரேன். எழுத்து இல்ல, பட்டன் இல்ல, படிக்கத் தெரிய வேணாம். யாருன்னு மட்டும் தெரிஞ்சா கால்ல விழுந்துடுவேன்."

அப்போது தனிஸ்லாசின் போன் அடித்தது. தனக்கொடி.

"மீட்டர்காரரே, மிஷின் வர்லியே! நம்பரு எடுக்கவே மாட்டுது. என்துதான்னு பாத்தா ஊர்ல யாரு அடிச்சாலும் எடுக்கல. சனிக்கிழமை பெரிய மழைன்றான் டிவில. படுத்த நெல்லு ஊறிச்சின்னா அங்கயே முளைச்சிரும். உங்க ஆபீசுல ஏதாவது வழி இருக்குதா?"

தனிஸ்லாசின் வாயில் அரைபட்டுக்கொண்டிருந்த ஜாங்கிரி அப்படியே நின்றது. மடுகரைக்குப் போக வேண்டிய மிஷின். தனக்கொடியின் முறை. அதைத்தான் தன் பட்டாணி வில்லியனூருக்குத் திருப்பியிருக்கிறது. அவர் வாழ்க்கையில் சொன்ன ஆயிரம் பொய்யில் முதல்முறையாக ஒன்று ஒரு பெண்பிள்ளையின் சோற்றில் போய் விழுந்திருந்தது.

"கவலப்படாதீங்க அக்கா," என்று போனை வாங்கிச் சொன்னாள் ஜெனிபர். "நாளைக்குக் 'கருக்கு' அனுப்பும்."

வியாழக்கிழமை, ஜெனிபரும் தனிஸ்லாசும் கூட நிற்க, தனக்கொடி பக்கத்து வீட்டுப் பெண்ணின் நல்ல போனை வாங்கி ஏழு இடத்தைத் தொட்டாள். ஐந்தாவது இடத்தில் ரகசிய எண் கேட்டது. அது ஆதாரில் பதிந்த எண்ணுக்கு, திருப்பூரில் தறி ஓட்டும் அவள் மகனின் போனுக்குப் போனது. அவன் ஷிஃப்டில் இருந்தான். ஒரு மணி நேரம் கழித்து எண் வந்து, மூன்று மணிக்கு மிஷினும் வந்தது. வந்து ரோட்டிலேயே நின்றது. ரோட்டுக்கும் தனக்கொடியின் வயலுக்கும் நடுவில் குமரவேலின் நெல், மார்பளவு உயரம், அறுக்காமல் நின்றது. செயலிக்கு வரப்பு தெரியாது. தனக்கொடியின் வயலுக்கு நேர்மேலே, வானத்திலிருந்து பார்த்து, அது ஒரு சிவப்புப் புள்ளியை வைத்திருந்தது.

குமரவேல் துண்டை உதறித் தோளில் போட்டார். "என்துது அறுக்காம உள்ள போவ முடியாது. எனக்கு நம்பர்ல பதில் வந்தாத்தான் அறுப்பேன். பத்து வருஷமா இதான் முறை. நான் ஒருதரம் முறையக் கலச்சிப் பட்டது போதும்."

"அண்ணே, மழை வருதுண்ணே," என்றாள் ஜெனிபர்.

"எனக்குந்தான் மழை பெய்யும்," என்றார் அவர். மிஷின் திரும்பிப் போனது. தனக்கொடி வரப்பில் குந்தி உட்கார்ந்து, சாய்ந்த கதிர் ஒன்றைத் தூக்கித் தூக்கி நிறுத்தினாள். அது மறுபடி மறுபடி விழுந்தது. திட்டியிருந்தால்கூடத் தனிஸ்லாஸ் தாங்கியிருப்பார்.

வெள்ளிக்கிழமை காலை மாமாவும் மருமகளும் நாகராஜன் வீட்டுக்குப் போனார்கள். அவர் மனைவி மகாலட்சுமி உள்ளே கூப்பிட்டாள். சுவரில் மாலை போட்ட படம். படத்துக்குக் கீழே பலகையில் ஒரு பழைய பட்டன் போன், பின்மூடி இல்லாமல், வயிறு திறந்து கிடந்தது.

"அவரு போன அன்னிக்கே பேட்டரி எடுத்துட்டேன். சிம்ம ஒடச்சிக் கெணத்துல போட்டேன்," என்றாள் மகாலட்சுமி. "எல்லாரும் வந்து கேக்கறாங்க. நான் இன்னா பண்ணட்டும்? எனக்கு இது ஒண்ணுதான் தெரியும்."

பலகையைக் காட்டினாள். போனுக்குப் பக்கத்தில் கையளவு நெல் உமி குவிந்திருந்தது.

"தெனம் காலைல கூட்டிப் பெருக்கறேன். உச்சிக்குள்ள மறுபடி சேந்துக்குது. அறுப்பு முடிஞ்சா நின்னுரும்."

"எலி இருக்கும்," என்றாள் ஜெனிபர். குரல் கொஞ்சம் அவசரமாக வந்தது.

"இருக்கலாம்மா," என்று தலையாட்டினாள் மகாலட்சுமி. "ஆனா செவ்வாக்கிழமையிலருந்து உமி ஏறல. இது அன்னிக்குது, பெருக்காம உட்டு வச்சிருக்கேன். அன்னிக்குக் கடைசியா இதுதான் மேல கெடந்துச்சு. இன்னாதுன்னு தெரியாம எடுத்து வச்சிருக்கேன்." ஒரு தீப்பெட்டியைத் திறந்து நீட்டினாள்.

உள்ளே ஒரு பட்டாணித் தோல். வறுபட்டு, மஞ்சளாக, உப்புப் படிந்து.

அந்தத் தோலைத் தனிஸ்லாஸ் செவ்வாய்க்கிழமை துப்பவே இல்லை; விழுங்கியிருந்தார். படத்திலிருந்த நாகராஜன் கொஞ்சம் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். மகாலட்சுமி இவர் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்கதானா?" என்றாள். "அவரு இருந்தப்ப குமரவேலு காயாத நெல்ல வச்சிக்கினு உப்புக்கல்லக் கடிச்சி ஏமாத்தப் பாத்தான். கண்டுபிடிச்சிட்டாரு. பொய் சொன்ன வாயிதான் வழி காட்டணும்னு, மிஷினுக்கு முன்னால அவனையே தலையில துண்டு கட்டி நடக்க உட்டாரு. அவன் வூட்டு ஆளு ஒண்ணு மெய்யான நெல்லக் கடிச்சிக் காமிச்சப்புறம்தான் முறை திரும்புச்சி. இப்பவும் அதத்தான் கேப்பாரு. மாத்திக்கிற ஆளு இல்ல."

கொடியில் கிடந்த சிவப்புத் துண்டை எடுத்துத் தனிஸ்லாசிடம் கொடுத்தாள். இரண்டு வருஷமாகத் துவைக்காமல் அப்படியே கிடக்கிறது என்று சொன்னாள். அது வேர்வையில் நனைந்திருந்தது.

"ஆய்வுக்காகத்தான் மாமா," என்றாள் ஜெனிபர், வெளியே வந்ததும். "யாரோ ஒருத்தன் நம்மளப் பாத்துக்கிட்டிருக்கான். நாம வளைஞ்சி குடுத்தா அவன் போன எடுப்பான். அக்கா நெல்லு வூடு போய்ச் சேரணும், அவ்ளோதான்." சொல்லிவிட்டு ஸ்கூட்டர் சாவியை இரண்டு முறை கீழே போட்டாள்.

பன்னிரண்டு மணி. தெற்கே வானம் சட்டி அடி மாதிரி கறுத்திருந்தது. ஆனால் மடுகரைக்கு மேலே மட்டும் வெயில் நின்று கொளுத்தியது. காற்று செத்துக் கிடந்தது. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு தனிஸ்லாஸ் ரோட்டோரம் குமரவேலின் வயல் முனையில் நின்றார். வெகுதூரம் தாண்டி, உள்வயலில், தனக்கொடியின் வரப்பில் ஜெனிபர் சின்ன ஊதாப் புள்ளியாகத் தெரிந்தாள். போனைக் காதில் வைத்தாள். இறக்கிப் பார்த்தாள். மறுபடி வைத்தாள். பிறகு அவள் கை வாய்க்குப் போனது. அப்புறம் அவள் அசையவே இல்லை. பைபிளில் உப்புத் தூணாகிப்போன லோத்தின் மனைவிகூட அவளைவிடக் கொஞ்சம் ஆடியிருப்பாள்.

எத்தனை நேரம் என்று தெரியாது. தனிஸ்லாஸ் கணக்கில் மூன்று மணி நேரம், வகுத்துக்கொள்ளலாம். ரோட்டில் மிஷின் சத்தம் கேட்டது. அதே ஆத்தூர் டிரைவர்.

"வந்துட்டேனுங்க. இன்னிக்காவது வயலு இருக்குதா?"

"யாருப்பா வரச் சொன்னது?"

"அண்ணன்தானுங்க. நீங்களும் கூட நடக்கணும்னாரு."

"எங்க அவரு?"

டிரைவர் தாடையால் காட்டினான். "இதோ, உங்க பக்கத்துலதானுங்க நிக்கிறாரு."

தனிஸ்லாஸ் திரும்பவில்லை. கழுத்து திரும்பவில்லை என்பதுதான் சரி. தூரத்தில் குமரவேல் முதுகைக் காட்டி நின்றுகொண்டு கத்தினார்: "எனக்கும் பதில் வந்துருச்சி! என்துலயே ஏத்தி அறுத்துக்கினு போ!" அவருக்குப் பக்கத்தில் தனக்கொடியும் அந்தப் பக்கம் பார்த்து நின்றாள். ஊரே முதுகாக நின்றது.

அவர் நடந்தார். பின்னால் மிஷின் கதிரை விழுங்கிக்கொண்டு வந்தது. வாழ்நாளில் வாயை மூடிக்கொண்டு நூறடி நடந்தறியாத மனிதர், ஒரு வார்த்தை பேசாமல் வரப்பு வரப்பாக நடந்தார். எங்கே வளைவது என்று அவருக்குத் தெரியாது. கால் தானாக வளைந்தது. இடப்பக்கம் யாரோ தாளை உரசிக்கொண்டு வரும் சத்தம். ஓரக்கண்ணால் பார்த்தார். தாள் ஒன்றும் அசையவில்லை. சத்தம் மட்டும் அவர் நடைக்கு நடை வந்தது. நடுவயலில் அது நின்றது. காதருகே:

டொக்.

நெல் கடிக்கும் சத்தம் இல்லை அது. பட்டாணி. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. தனிஸ்லாசின் சட்டைப் பையில் ஒரு பட்டாணிப் பொட்டலம் எப்போதும் இருக்கும். அதைத் தொட்டுப் பார்க்க அவர் கையைத் தூக்கவில்லை. அருள் நிறைந்த மரியே சொல்ல ஆரம்பித்தார். பாதியில் மறந்துபோனது.

நாலு மணிக்குள் குமரவேலின் வயலும் தனக்கொடியின் இரண்டு காணியும் மொட்டையாகிவிட்டன. ரோட்டோரம் கொட்டிய நெல்லைத் தார்ப்பாயால் மூடி, தனக்கொடி கடைசி முடிச்சைப் போட்டுக் கல்லைத் தூக்கி வைத்தாள். முதல் துளி அவள் புறங்கையில் விழுந்தது. ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டது மழை. அவள் தார்ப்பாயைத் தட்டிக் கொடுத்தாள், ஏதோ பசுவைத் தட்டுகிற மாதிரி. "மகாலட்சுமி அண்ணி சொல்லிச்சு மீட்டர்காரரே. இனிமே பட்டாணியோட அந்த நம்பருக்கு அடிக்காதீங்க," என்றாள்.

மாமாவும் மருமகளும் பஸ் நிழற்குடையில் ஒதுங்கினார்கள். தனிஸ்லாஸ் துண்டை அவிழ்த்து மடியில் வைத்திருந்தார். சட்டைப் பையில் கையை விட்டார். காலையில் நிறைந்திருந்த பொட்டலம் நாலாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. உள்ளே ஒரு பட்டாணி மிச்சம்.

அவர் வாயைத் திறந்தபோது வந்த குரல் அவருடையதாகவே இல்லை.

"ஜெனி, அந்த டிரைவர் பய வெயில்ல தலை சுத்திப் பேசியிருப்பான். வேற யாராவது போன் பண்ணி வரவழச்சிருப்பாங்க. பட்டாணி, நானே தின்னிருப்பேன். நீ சொன்ன மாதிரி எவனோ நம்பர வச்சிக்கினு பண்றான். நீ அட்டவணைல அப்படியே எழுதிடு. நான் சொன்னது எல்லாத்தையும் வகுத்துடு. பத்தால வேணாம். நூறால வகு."

ஜெனிபர் போனைக் கையில் வைத்திருந்தாள். திரை இருட்டாக இருந்தது. மழை தகரத்தில் விழுந்தது.

"டவர் இல்ல மாமா," என்று திரையைத் தட்டி எழுப்பினாள்.

"எங்க?"

"உள்வயல்ல. ஒரு புள்ளிகூட இல்ல. ரெண்டு தரம் போட்டேன், போகவே இல்ல. இந்தா பாரு, ரெண்டும் செவப்பா நிக்குது. சரி, இது ஆவாதுன்னு போனக் கீழ இறக்கிட்டேன். அக்கா குடுத்த நெல்லு ஒண்ணு கைல இருந்துச்சு. இன்னாத்துக்குன்னு தெரியல, அதக் கடிச்சேன். சும்மா. போன் தொங்குன கைல இருக்குது." தன் வலது காதைத் தொட்டாள். அங்கே எதையோ துடைப்பது போல விரலை ஓட்டினாள். "பதில் இங்க வந்துச்சு."

தனிஸ்லாஸ் அவளைப் பார்த்தார். அவள் விரல் நுனியில் ஒரு உமி ஒட்டியிருந்தது. அதை அவள் தட்டிவிடவில்லை.

"எத்தினி கடி?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஒண்ணு."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். முகத்தில் புதன்கிழமைக்குப் பிறகு முதல்முறையாக வெளிச்சம் வந்தது. "வில்லியனூர்ல நான் பத்துன்னு சொல்லிக்கறேன்."

"சொல்லிக்க," என்றாள் ஜெனிபர். "இதுக்கு மட்டும் நான் வகுக்க மாட்டேன் மாமா. நடந்துச்சு."